ரேடியோவில் சார் கிடையாது

முதல் தடவை நான் ரேடியோ பரீட்சைக்குப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளர் நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் பென்சிலால் தாளில் ஒரு கோடு போட்டார். மார்க் போடுகிறார் என்று எனக்கு ஒரே உற்சாகம். அந்த உற்சாகத்தில் இன்னும் கொஞ்சம் பேசினேன். கோடுகள் கூடின. இன்னும் பேசினேன். ஒரு கட்டத்தில் மனிதர் பக்கத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் போட ஆரம்பித்தார். ஆம்பூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பி வந்தது வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

விமானத்தில் இருப்பவரும் தரையில் இருக்கும் டவரும் ரேடியோவில் பேசிக்கொள்வதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதற்கு அரசாங்கத்தில் ஒரு லைசென்ஸும் இருக்கிறது. அந்த லைசென்ஸுக்கான பரீட்சையில் எழுத்துப் பகுதியை எப்படியோ தாண்டிவிட்டேன். இது பேச்சுப் பகுதி. விமானமெல்லாம் கிடையாது. ஒரு மேசை, ஒரு ஹெட்செட், ஒரு தாளில் கற்பனைப் பயணம். தேர்வாளர்தான் டவர், நான்தான் பைலட். சென்னையில் ஏறி பெங்களூரில் இறங்க வேண்டும். நான் மீனம்பாக்கத்தையே தாண்டவில்லை.

முடிந்ததும் அவர் தாளை என் பக்கம் திருப்பினார்.

"இது என்னன்னு தெரியுதா?"

"மார்க் சார்."

அதற்கும் ஒரு கோடு போட்டார். "நீங்க சொன்ன சார். எல்லாமே. ரேடியோவுல சார் கிடையாது."

"சாரி சார்."

இன்னொரு கோடு.

"அதைக்கூட விட்டுடலாம். ஓடுபாதைக்கு முன்னாடி நில்லுங்கன்னு டவர் சொன்னதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?"

"ஓகே சார்னு சொன்னேன் சார்."

"சொல்லிட்டு?"

"ஓடுபாதையில ஏறிட்டேன் சார்."

"எதிர்ல ஒரு விமானம் இறங்கிட்டிருந்துச்சு. அதுல இருந்தவங்க, உங்களோட வந்தவங்க, எல்லாரையும் ரொம்ப மரியாதையா கொன்னுட்டீங்க."

ரயிலில் திரும்பி வரும்போது அரக்கோணம் வரைக்கும் அந்த வாக்கியம் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. காட்பாடி வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, எனக்கு எதற்கு விமான ரேடியோ என்று கேட்கலாம். எங்கள் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் லெதர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதப்படுத்திய தோல் கட்டுக் கட்டாக வரும். நிறம் பார்த்து, தடிமன் பார்த்து, ரேக்கில் அடுக்கி, கட்டிங் செக்‌ஷன் கேட்கும்போது அனுப்ப வேண்டும். பன்னிரண்டு வருடமாக அதைத்தான் செய்தேன். நடுவில் கம்பெனிக்கு வாக்கி டாக்கி வந்தது. கேட்டுக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, கட்டிங்குக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று. அந்தக் கருப்புப் பெட்டியைக் கையில் வாங்கிய நாளிலிருந்து எனக்குப் பைத்தியம் பிடித்தது என்பது என் மனைவியின் கணிப்பு. அதற்கு முன்பே பிடித்திருந்தது, அன்றைக்குத்தான் வெளியே தெரிந்தது என்பது ஸ்டோரில் லோடு ஏற்றி இறக்கும் பாயின் கணிப்பு.

சாப்பாட்டு நேரத்தில் நானும் பாயும் ஸ்டோர் மொட்டை மாடியில் உட்காருவோம். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற விமானங்கள் எங்கள் தலைக்கு மேலேதான் போகும். எந்த விமானம் என்று காட்டுகிற ஆப் ஒன்றைப் போனில் ஏற்றி வைத்திருந்தேன்.

"தோஸ்த், இது இன்னா வண்டி?" என்பார் பாய், டிபன் பாக்ஸிலிருந்து தலையைத் தூக்காமல்.

நான் பார்த்துச் சொல்வேன். விமானத்தின் உடம்பில் எழுதியிருக்கிற பேர் ஒன்று, ரேடியோவில் அதைக் கூப்பிடுகிற பேர், அதாவது கால்சைன், வேறாக இருக்கலாம் என்று விளக்கினேன். பாய்க்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"இதுல இன்னா கீது? நம்ம கம்பெனில பஞ்சிங் கார்டுல ஒரு பேரு, கூப்புடுறது ஒரு பேரு. என்னைப் பாய்னு கூப்புடுறீங்கோ. எங்க வூட்லயே எட்டு பாய் கீறாங்கோ."

"அதான் பாய், உங்களுக்கும் ஒரு கால்சைன் வெச்சிடலாம். லோடர் ஒன்."

"ரெண்டாவது லோடரே இல்ல, இன்னாத்துக்கு ஒன்னு?"

ஆனால் பேர் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் எழுத்துகள். ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ என்று ஜூலு வரைக்கும் இருபத்தாறு. எங்கள் ஸ்டோரில் ரேக்குகளுக்கு ஏ முதல் எச் வரை பேர் இருந்தது. சாக்பீஸ் எடுத்து எட்டு ரேக்கிலும் முழுப் பேரை எழுதினேன். ஒரு வாரத்தில் பாய், "அந்த பிரவுனு டெல்டால கீது, கருப்பு ஃபாக்ஸ்ட்ராட்ல கீது" என்று பேச ஆரம்பித்துவிட்டார். ஷூ ஆர்டர் கொடுப்பதற்காகப் பார்க்க வந்த ஒரு பையர், இவ்வளவு சர்வதேசத் தரமான ஸ்டோரைத் தான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எட்டாவது ரேக் ஹோட்டல். அதில் தோலே இல்லை, எங்கள் டிபன் பாக்ஸ்தான் இருந்தது.

எண்களிலும் எனக்கு ஒரு வெற்றி காத்திருந்தது. ரேடியோவில் மூன்றை 'ட்ரீ' என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் 'ட்ரீ' என்று சொன்னதற்காக இங்கிலீஷ் டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறார். உலகத்து விமானங்களெல்லாம் என் பக்கம் இருந்தது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

இப்படி விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி. மாணவர்கள் சின்ன விமானத்தில் பழகுவார்கள். அங்கே ரேடியோ அறைக்கு ஆள் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். நேரில் போனேன். பொறுப்பாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார், என் குரலைக் கேட்டார், கடைசியில் சொன்னார்: "குரல் நல்லாருக்கு. லைசென்ஸோட வாங்க." முதல் தடவை கோட்டை விட்டதும் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். "அடுத்த பரீட்சை வரைக்கும் அந்தச் சேரைக் காலியா வெச்சிருக்கேன். அதுக்கு மேல முடியாது" என்றார்.

ஒரே ஒரு நாற்காலி. ஒரே ஒரு பரீட்சை. விடுவதில்லை என்று முடிவு செய்தேன். வாழ்க்கையில் நான் எடுத்த முடிவுகளில் மறுநாள் காலையிலும் உயிரோடு இருந்தது அது ஒன்றுதான்.

கோளாறு எங்கே என்று யோசித்தேன். நாக்கில் இல்லை, எங்கள் கம்பெனியில் இருந்தது. எங்கள் பக்கத்துக் கம்பெனிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. மேனேஜர் "ஏம்பா, அந்த..." என்று ஆரம்பித்ததுமே நாங்கள் "சரி சார்" என்று சொல்லிவிடுவோம். அவர் வாக்கியத்தை முடிப்பது அதற்கப்புறம்தான். மெஷின் சத்தத்தில் பாதி காதில் விழாது. திருப்பிக் கேட்டால் நம்மை மக்கு என்று நினைப்பார், அல்லது திமிர் என்று நினைப்பார். அதனால் தலையாட்டிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும் மூன்று பேர் ஒரு மூலையில் கூடி, அவர் என்ன சொன்னார் என்று மாநாடு போடுவோம். பெரும்பான்மை வாக்கில் தீர்மானம் நிறைவேறும். ஒரு தடவை அந்தத் தீர்மானத்தின்படி, கருப்பு ஷூ தைக்க வேண்டிய லைனுக்கு பிரவுன் தோல் போய்ச் சேர்ந்தது. திட்டு வாங்கும்போது சொன்னதும் "சரி சார்"தான்.

ரேடியோவில் அது நடக்காது. டவர் சொன்னதைச் சொன்னபடி திருப்பிச் சொல்ல வேண்டும். எந்த ஓடுபாதை, எவ்வளவு உயரம், எங்கே நிற்க வேண்டும், எல்லாம். இல்லை என்று சொல்ல 'நெகட்டிவ்' என்ற ஒரே சொல்தான். புரியவில்லையென்றால் கேட்க வேண்டும். கேட்பது குற்றமில்லை, கேட்காததுதான் குற்றம். மரியாதைக்கும் அங்கே ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அது வேறு மாதிரி. நம் விமானத்துக்கு ஐந்தெழுத்துப் பேர் என்றால் முழுதாகச் சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். டவர் முதலில் சுருக்கிக் கூப்பிட்டால்தான் நாமும் சுருக்கிக்கொள்ளலாம். இது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. குடியாத்தத்தில் இருக்கும் என் மாமனார் விஷயமும் அப்படித்தான். அவராக "வாய்யா" என்று சொல்லும் வரைக்கும் மூன்று வருடம் நான் சேர் நுனியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பழகுவதற்கு எனக்கு ஒரு டவர் வேண்டியிருந்தது. வீட்டிலேயே இருந்தது.

என் மனைவி வேறொரு ஷூ கம்பெனியில் தையல் லைனுக்கு சூப்பர்வைசர். முப்பது மெஷின் ஒன்றாக ஓடும்போது கடைசி மெஷினில் இருக்கிற பெண்ணைப் பேர் சொல்லித் திட்டுகிற குரல். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"இதுக்கா ஃபெயிலு? என் லைன்ல ஒரு பொண்ணு 'சரிக்கா'ன்னா நான் நம்பவே மாட்டேன். இன்னா சொன்னேன், சொல்லுன்னு கேப்பேன். சரியா சொன்னாத்தான் அந்த எடத்த விட்டு நவுருவேன்."

"நீயே டவரா இருக்கியா?"

"இவ்ளோ நாளா நான் யாருன்னு நெனச்சீங்க?"

ஒரு சட்டம் போட்டாள். பயிற்சியில் ஒரு சார் வந்தால் ஒரு குடம் தண்ணீர். நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. தெருக் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் வரும். அவள் அடுப்படியில் நின்று பயிற்சித் தாளைப் படிப்பாள். நான் கூடத்தில் நின்று, சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு பதில் சொல்வேன்.

"விக்டர் டேங்கோ எக்ஸ்ரே யாங்கி ஜூலு, ஓடுபாதைக்கு முன்னாடி நில்லுங்க."

"ஓகே சார்."

"குடம் வாசல்ல இருக்கு."

முதல் வாரத்தில் எங்கள் வீட்டு டிரம், அண்டா, பக்கெட், சொம்பு எல்லாம் நிறைந்துவிட்டன. இரண்டாவது வாரத்தில் மேல் வீட்டு அக்கா கதவருகே வந்து நின்றார். "இன்னிக்கு அவருக்கு கிளாஸ் இருக்கா? எங்க வூட்ல தொட்டி காலி." என் மனைவி உள்ளே திரும்பி, "இன்னும் ரெண்டு சார் சொல்லுங்களேன்" என்றாள். அன்றைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பாய் எண்ணெய் தேய்த்துவிட்டார். "பிளேன் ஓட்டுறேன்னு சொல்லிட்டு லாரி கணக்கா தண்ணி அடிக்கிறியே தோஸ்த், பேஜாரா இல்ல?" என்றார்.

பேஜாராகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது வாரம் குடங்கள் குறைந்தன. ஓடுபாதைக்கு முன்னால் நிற்கச் சொன்னால், "ஓடுபாதைக்கு முன்னால் நிற்கிறேன், யாங்கி ஜூலு" என்றது வாய். பழக்கம் தாளை விட்டு வெளியேயும் வழிந்தது. கடைக்கு அனுப்பினால், "அரைக் கிலோ தக்காளி, கால் கிலோ பச்சை மிளகாய், கொத்தமல்லி கேட்டு வாங்கணும்" என்று வாசலில் நின்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் பச்சை மிளகாயை மறக்காமல் வந்தது அப்போதுதான். பரீட்சை இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போனால்கூட அவளுக்குச் சம்மதம் போலிருந்தது.

வீட்டில் சார் நின்றுவிட்டது. கம்பெனியில் நிற்கவில்லை. பகலெல்லாம் சார் சொல்லிவிட்டு சாயங்காலம் இரண்டு மணி நேரம் விரதம் இருந்தால் போதாது என்று தெரிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை பாயைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டேன். வாக்கி டாக்கியில் மேனேஜர் வந்தார்.

"ஸ்டோர், எஃப் ரேக்ல இருக்கற கருப்பு லாட்டு நாலு, கட்டிங்குக்கு அனுப்பு."

"ஃபாக்ஸ்ட்ராட் ரேக், கருப்பு, லாட்டு நாலு, கட்டிங்குக்கு அனுப்புறேன். ஸ்டோர்."

ரேடியோவில் கொரகொரப்பு மட்டும் கேட்டது.

"யாருய்யா அது?"

"ஸ்டோர்."

ஐந்தே நிமிடத்தில் மேனேஜர் நேரிலேயே வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"உடம்பு சரியில்லையா உனக்கு?"

"நல்லாருக்கேன் சார்."

"அப்புறம் இன்னாய்யா, கிண்டலா? நான் சொல்றதையே திருப்பிச் சொல்ற?"

பாய் குறுக்கே விழுந்தார். "அது கிண்டல் இல்ல சார். அது பரீட்சை. அது பாஸாகலேன்னா இவரு இடுப்பு போய்டும்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நாற்காலி, கோடுகள், குடங்கள். வேறு வேலைக்குப் போகத்தான் படிக்கிறேன் என்று மேனேஜரிடமே சொல்கிற முதல் ஸ்டோர்காரன் நானாகத்தான் இருப்பேன். அவர் ஃபாக்ஸ்ட்ராட் ரேக்கைப் பார்த்தார். "அந்த நாலாவது லாட்டு ஷேடு பார்த்தாச்சா?" என்றார். பார்க்கவில்லை. கட்டைப் பிரித்தால் பாதித் தோல் ஒரு கருப்பு, பாதித் தோல் வேறு கருப்பு. இரண்டுக்கும் சண்டை வராத குறை. தோலை அனுப்பச் சொன்னவர் அவர், பார்க்காமல் எடுத்துக் கொடுக்க இருந்தவன் நான். நான் வார்த்தைக்கு வார்த்தை திருப்பிச் சொன்னது ரொம்ப அழகு. ஆனால் நடுவில் யோசிக்கவே இல்லை.

"திருப்பிச் சொல்றது மட்டும் போதுமாய்யா? தப்புன்னா தப்புன்னு சொல்லணும் இல்ல?" என்றார் மேனேஜர். பிறகு ஒரு உடன்படிக்கை செய்துகொண்டோம். வாக்கி டாக்கியில் சார் வேண்டாம், அவர் பொறுத்துக்கொள்வார். நேரில் பார்க்கும்போது பழைய மாதிரியே இருக்க வேண்டும், மற்றவர்கள் பார்ப்பார்கள்.

அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. தப்பென்றால் தப்பென்று சொல்வது. புத்தகத்தில் அதற்குச் சொல் இருந்தது. டவர் சொல்வதைச் செய்ய முடியாதென்றால் 'அனேபிள்' என்று சொல்லிவிட்டு, காரணத்தை ஒரே வார்த்தையில் சொல்லலாம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், தலையைச் சொறிய வேண்டாம். மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் கழுத்தில் டை கட்டிய ஒருவரிடம் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட 'முடியாது' என்று நான் சொன்னதில்லை. அதற்குக் குடம் வைத்துப் பழகவும் வழியில்லை.

இரண்டாவது பரீட்சைக்கும் அதே அறை, அதே தேர்வாளர், அதே பென்சில். கழுத்தில் டை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. பென்சிலைச் சீவிக்கொண்டார். நல்ல கூராகவே சீவினார்.

ஹெட்செட் மாட்டினேன். சென்னையில் என்ஜின் கிளப்பினேன், ஓடுபாதைக்கு முன்னால் நின்றேன், நிற்கிறேன் என்று சொன்னேன். இறங்குகிற விமானம் இறங்கிப் போனது. யாரும் சாகவில்லை. ஏறினேன். அவர் உயரம் சொன்னார், திருப்பிச் சொன்னேன். அலைவரிசை மாற்றச் சொன்னார், மூன்றை 'ட்ரீ' என்று எங்கள் டீச்சர் ஞாபகத்தோடு சொன்னேன். பேப்பர் விமானம் வேலூரைத் தாண்டியது. தாளில் ஒரு கோடுகூட விழவில்லை. பெங்களூர் நெருங்குகிறது, இறங்க அனுமதி கேட்டேன்.

"இரண்டாயிரம் அடிக்கு இறங்குங்கள்" என்றார் தேர்வாளர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

திருப்பிச் சொல்ல வாய் தயாராகிவிட்டது. 'இரண்டாயிரம்' என்று நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. அப்போதுதான் எங்கள் லெதர் லாரிகள் ஞாபகத்துக்கு வந்தன. பெங்களூருக்கு லோடு போகும்போது கிருஷ்ணகிரி தாண்டினால் வண்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும், டிரைவர் கியரைத் திட்டிக்கொண்டே போவார். ஏலகிரி மலையைத் தினமும் பார்க்கிறவன் நான், அதுவே இரண்டாயிரத்துக்கு மேல். ரேடியோவில் சொல்கிற உயரம் கடல் மட்டத்திலிருந்து. பெங்களூரோ ஊரே மூவாயிரம் அடியில் இருக்கிறது. இரண்டாயிரம் அடிக்கு இறங்கினால் விமான நிலையத்துக்குக் கீழே, மண்ணுக்குள் ஆயிரம் அடியில் போய் நிற்க வேண்டும்.

எதிரே டை. கையில் கூரான பென்சில். அவர் வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறியதா என்று தெரியவில்லை. தவறியிருந்தால் அவருக்குக் கோபம் வரலாம். கோபம் வந்தால் அந்த நாற்காலி போய்விடும். போன தடவை மரியாதையாகக் கொன்றது போதும் என்று தோன்றியது.

"அனேபிள்," என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "காரணம், தரை. உயரத்தை உறுதிப்படுத்தவும். யாங்கி ஜூலு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். தாளைப் பார்த்தார். எனக்குத் தெரிந்து அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் தெருக் குழாய், இரண்டு மாடிப் படி, இடுப்பு எல்லாம் கண் முன்னால் வந்து போயின. வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு தடவை நாக்கு துடித்தது. அதைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன்.

"திருத்தம்," என்றார். "ஐயாயிரம் அடி."

"ஐயாயிரம் அடிக்கு இறங்குகிறேன், யாங்கி ஜூலு."

இறங்கினேன். ஓடுபாதையை விட்டு வெளியே வந்தேன் என்று சொன்னேன். என்ஜினை அணைத்தேன். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். அவ்வளவுதான், ஒன்றரை மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைந்துவிட்டது.

"தேங்க்யூ சார். ரொம்ப தேங்க்ஸ் சார். அந்த ரெண்டாயிரம் அடி, தப்பா எடுத்துக்காதீங்க சார். வர்றேன் சார்."

தேர்வாளர் பென்சிலை எடுத்தார். தாளருகே கொண்டுபோனார். பிறகு கீழே வைத்துவிட்டு, "ஹெட்செட் கழட்டியாச்சு. போய்ட்டு வாங்க" என்றார். இரண்டாயிரம் அடி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேண்டுமென்றே சொன்னாரா, வாய் தவறியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ரிசல்ட் வந்தபோது நான் ஸ்டோரில் இருந்தேன். போன் திரையில் என் எண்ணைத் தேடிக் கண்டுபிடித்தது பாய்தான். பயிற்சிப் பள்ளிக்காரருக்குப் போன் போட்டேன், நாற்காலி இருந்தது. அப்புறம் வாக்கி டாக்கியை எடுத்து மேனேஜரிடம் சொன்னேன். பிறகு அவர் குரல்: "ஸ்டோர் பாஸ். ஸ்டோர் வேலையை விட்டுப் போறாரு. ஃபாக்ஸ்ட்ராட்னா என்னன்னு அடுத்த ஆளுக்குச் சொல்லிட்டுத்தான் போகணும். திருப்பிச் சொல்லு." திருப்பிச் சொன்னேன்.

இப்போது அந்த ரேடியோ அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் ஆடுகிறது, மடித்த அட்டை ஒன்றை வைத்திருக்கிறேன். வீட்டில் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. வாய் தவறி ஒரு சார் வந்தாலும் ஒரு குடம். லைசென்ஸ்தான் வந்துவிட்டதே, இனிமேல் எதற்கு என்று போன வாரம் வீட்டு டவரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நெகட்டிவ்," என்றாள். "மேல் வூட்டு அக்கா கேக்குறாங்க."